கனகவல்லி கழுவி வைத்த கற்கள்

நாங்கள் மாடம்பாக்கத்தில் மனை வாங்கி ஏழு வருடம் கழித்து, போன வருடம் மே மாதம்தான் அதில் மண் கொட்ட முடிந்தது. தெருவின் கடைசி மனை எங்களுடையது. அதற்கு ஒரு பக்கம் ஏரிக்குப் போகும் மழைநீர்க் கால்வாய், இன்னொரு பக்கம் மாரி வீடு. மாரி தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மனைவி கனகவல்லி கோவளம் கரையில் பிறந்தவர். விடியற்காலையில் அங்கே போய் மீன் எடுத்து வந்து, பத்து மணிக்குள் எங்கள் பக்கத்துத் தெருக்களில் விற்று முடித்துவிடுவார். சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு அவர்களுடையது. கட்டிய காலத்தில் வாசல் தெருவைவிட ஒரு அடி உயரமாக இருந்ததாம். அதற்குப் பிறகு மூன்று தடவை ரோடு போட்டுவிட்டார்கள். இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் அந்த வீட்டுக்குள் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவரிடம் எத்தனை அறை என்று யாரும் கேட்பதில்லை. ரோட்டிலிருந்து எத்தனை அடி ஏற்றுகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். வெள்ளத்தைப் பார்த்துப் பயந்த ஜனங்கள். ஒருவர் இரண்டடி ஏற்றினால் அடுத்தவர் மூன்றடி ஏற்றுவார். நான் மூன்றரை அடி என்று முடிவு செய்தேன். அதில் தப்பு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் லாரி வந்த அன்றே கனகவல்லி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். மழைக்காலத்தில் அவர்கள் வாசலில் சேரும் தண்ணீர், எங்கள் காலி மனை வழியாகத்தான் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாதையைக் கையால் காட்டினார்.

"நீங்க ஏத்திக்கோங்க சார், வேணான்னு சொல்லல. தண்ணி போவ மட்டும் ஓரமா ஒரு வழி வுட்ருங்க. ரெண்டடி இருந்தா போதும்."

"கண்டிப்பா அக்கா. இதெல்லாம் நீங்க சொல்லணுமா? ஒரு பைப் போட்டு விட்டுடறேன்" என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் சரி என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியர். அதனால்தான் நாலாவது நாள் சாயங்காலம் என் கண்ணில் அது பட்டது. மண் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கோ ஆழமாகத் தோண்டியது என்று லாரிக்காரர் சொல்லியிருந்தார். செம்மண்ணுக்கு நடுவே வெளிர் மஞ்சளாக, தட்டுத் தட்டாக உடையும் களிக்கட்டிகள் கிடந்தன. அப்படி ஒரு கட்டி என் செருப்புக்கு அடியில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஓர் இலை இருந்தது. நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் சீப்புப் பற்களைப் போல நெருக்கமாகச் சிற்றிலைகள். துரு நிறத்தில், நேற்று விழுந்தது போல அவ்வளவு தெளிவாக.

ஸ்ரீபெரும்புதூர் மண்ணில் இப்படிக் கல்லாகிப்போன இலைகள் கிடைக்கும் என்று நூறு வருடத்துக்கு மேலாக ஆராய்ச்சியாளர்கள் எழுதி வருகிறார்கள். அந்த இலைக்கு டைலோபில்லம் என்று பெயர். கல்யாண மண்டப வாசலில் தொட்டியில் வைக்கிறார்களே சைகஸ், பார்வைக்கு அதன் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். அந்தச் செடி பூமியில் இல்லாமல் போய்ப் பல கோடி வருடம் ஆகிறது. டைனோசர்கள் நடமாடிய காலத்து இலை. வயது சுமார் பன்னிரண்டு கோடி. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேனே தவிர, கையில் பிடித்ததில்லை. அந்த மண்மேட்டிலேயே முழங்கால் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அதே மேட்டில் நான் பின்னால் செய்ததை நினைக்கும்போது, அந்த ஜெபத்தை நினைக்கவும் கூச்சமாக இருக்கிறது.

மாரி ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், புதையலா?"

விஷயத்தைச் சொன்னேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பன்னெண்டு கோடி வருசமா? அப்போ நம்ம ஆளுங்க யாரும் கெடயாதா?"

"மனுஷனே கிடையாது மாரி."

"அப்ப பேஜாரே இல்லாம இருந்திருக்கும்" என்றார்.

கனகவல்லி படியில் உட்கார்ந்து கத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "மீனு இருந்துச்சா சார்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"நிறைய இருந்தது அக்கா. கடல் அப்போ ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வந்துபோச்சு."

"பாரு, மீனு இருந்துகீது, விக்கத்தான் ஆளு இல்ல" என்று மாரியிடம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த நாளிலிருந்து அவரும் தேட ஆரம்பித்தார். லாரி மண்ணைக் கொட்டியதும், ஜேசிபி அதைப் பரப்புவதற்குள் போய் மஞ்சள் கட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கி, எங்கள் சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பார். மீனின் கண்ணையும் செவுளையும் பார்த்து எடுத்துப் பழகியவர். என்னைவிட அவருக்குத்தான் இலை கண்ணில் பட்டது. எனக்குக் கிடைத்ததிலேயே முழுசான இலை, ஒரு சாண் நீளம், காம்பு முதல் நுனி வரை சிதையாமல் இருந்தது, அவர் எடுத்துக் கொடுத்ததுதான். அதை மீன் சுற்றும் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவி பியூலா அதை மோந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டு கோடி வருடத்து இலையில் நெத்திலி வாசனை வருகிறது என்றாள்.

பியூலா குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கனகவல்லி அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வாடகை வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. டியூட்டி இல்லாத நாட்களில் பியூலா கட்டட வேலையைப் பார்க்க வந்தால் முக்கால்வாசி நேரம் கனகவல்லி வீட்டில்தான் இருப்பாள். 

ஜூலையில் காம்பவுண்டு சுவர் எழும்பியது. மேஸ்திரி கதிரேசன் என்னைக் கூப்பிட்டு, பைப்பை எந்த இடத்தில் விடலாம் என்று கேட்டார். மண்ணை ஏற்றியாகிவிட்டதால் சும்மா சுவரில் துளை போட்டால் தண்ணீர் போகாது, அவர்கள் வாசல் மட்டத்திலிருந்து கால்வாய் வரைக்கும் ஆழமாகப் பள்ளம் வெட்டி இறக்க வேண்டும், அப்படியானால் போர்ட்டிகோவை இரண்டடி உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டடி போனால் நான் வாங்குவதாக இருந்த கார் உள்ளே நிற்காது. 

எனக்கு யோசிக்க நேரம் இல்லாமல் இல்லை. கதிரேசன் வெற்றிலை போட்டு முடிக்கும் வரைக்கும் எனக்காக நின்றுகொண்டிருந்தார். 

"வேண்டாம் மேஸ்திரி. பக்கத்து வீட்டுக்காரங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கீழே அந்த சிமென்ட் ஷீட் கூரையைப் பார்த்தார். "சரி சார்" என்றார்.

அன்று சாயங்காலம் பியூலா கேட்டபோதும் அதையே சொன்னேன். ஒரு தடவை சொன்ன பொய் இரண்டாவது தடவை தானாக வந்துவிடுகிறது. கனகவல்லி கேட்டபோது மட்டும் அந்தப் பொய் செல்லாது அல்லவா? சுவர் முழுசாக எழும்பிய பிறகு ஒரு நாள் அவர் வந்து, "சார், பைப்பு?" என்று மட்டும் கேட்டார். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அப்புறமாக ஏற்பாடு பண்ணலாம் என்று சொன்னேன். சொல்லும்போது கையில் இருந்த கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

ஆகஸ்டு கடைசியில் புது வீட்டுக்கு ஐயரை அழைத்து ஜெபம் வைத்தோம். எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம். கனகவல்லி அன்று வியாபாரத்துக்குப் போகாமல் நல்ல வஞ்சிரமாக எடுத்து வந்து, பியூலாவோடு சமையலறையில் நின்று வறுத்துக் கொடுத்தார். மாரி வெள்ளைச் சட்டை போட்டு வந்து கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மிச்சமாகிப்போன ஒரு லோடு மண் அவர்கள் படிக்குப் பக்கத்தில், எங்கள் சுவரை ஒட்டிக் குவிந்து கிடந்தது. அதை எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நவம்பரில் பள்ளியில் கண்காட்சி. நான் மூன்று வாரம் பாடுபட்டு ஒரு நிலப்பரப்பு செய்தேன். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. ஒரு கோடியில் மேட்டு நிலம், இன்னொரு கோடியில் நீலச் சாயம் கலந்த கடல். நடுவே சதுப்பு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடிக்காரரிடம் பெரணிச் செடிகளும், இரண்டு குட்டி சைகஸும், ஒரு கிறிஸ்துமஸ் மரக்கன்றும் வாங்கி நட்டேன். பெரணிகளைத் தரை முழுவதும் விட்டேன். ஏனென்றால் அன்றைக்கு இங்கே புல் தரை கிடையாது. அறுகம்புல்லே இல்லாத ஒரு நிலத்தைக் கற்பனை செய்து பாருங்கள் என்று பார்வையாளர்களிடம் சொன்னேன். தென்னை இல்லை, வேம்பு இல்லை, முருங்கை இல்லை. பூ என்பதே அப்போதுதான் உலகத்தில் எங்கோ தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. கூம்பு காய்க்கும் உயர்ந்த மரங்கள், அவற்றின் கீழே சீப்பிலைச் செடிகள், ஈரத்தில் பெரணிகள். எங்கும் பச்சை, ஒரே பச்சை. நம் நாடே அப்போது இங்கே இல்லை, வெகு தெற்கே அண்டார்டிகாவின் பக்கத்தில் கிடந்தது. ஆனாலும் குளிர் நடுக்கவில்லை. இன்றைவிட வெப்பமான பூமி. துருவத்துக்குப் பக்கத்தில்கூடக் காடு இருந்தது. மாதக்கணக்கில் சூரியன் வராத குளிர்காலத்தில் அந்த மரங்கள் இருட்டில் பொறுமையாக நின்றுகொண்டிருந்தன.

பெற்றோர் பலர் டைனோசர் எங்கே என்றுதான் கேட்டார்கள். அது தின்ற இலையைப் பாருங்கள் என்றேன்.

தொட்டிக்கு முன்னால் கனகவல்லி கொடுத்த அந்த முழு இலையை வைத்திருந்தேன். 'கண்டெடுத்தவர்: ஜே. ஜேசன், புவியியல் ஆசிரியர்' என்று அட்டையில் எழுதியிருந்தேன். எழுதும்போது கை தயங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் ஒரு சொம்புத் தண்ணீரை மேட்டில் ஊற்றிக் காட்டுவேன். தண்ணீர் மேட்டு மண்ணை மெல்லக் கரைத்துக்கொண்டு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் போட்டிருந்த ஒரு காய்ந்த இலையின் மேல் வண்டல் படியும். மேட்டில் விழுந்த இலை மக்கிப் போய்விட்டது, தாழ்ந்த இடத்துக்கு வந்து சேர்ந்த இலைதான் நம் கைக்குக் கிடைத்திருக்கிறது என்று சொல்வேன். தலைமையாசிரியர் இரண்டு தடவை வந்து கேட்டார். அன்று முழுவதும் ஏழெட்டுச் சொம்பு ஊற்றியிருப்பேன். எனக்கு ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

அது சனிக்கிழமை. ஞாயிறு மதியம் மழை பிடித்தது. திங்கள் காலையில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவித்துவிட்டார்கள். பியூலா ஞாயிறு டியூட்டிக்குப் போனவள் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். நான் டீ போட்டுக்கொண்டு போர்ட்டிகோவில் வந்து நின்றேன். தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். எங்கள் படியைத் தொடக்கூட இல்லை. மூன்றரை அடி ஏற்றியது எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. பக்கெட் தரையில் மோதும் சத்தம், தண்ணீரை வீசி ஊற்றும் சத்தம், மறுபடி மோதும் சத்தம்.

எட்டிப் பார்த்திருக்கலாம். சுவர் என் நெஞ்சு உயரம்தான். நான் உள்ளே போய் ரேடியோவை வைத்தேன். என்னால் இப்போது என்ன செய்ய முடியும், மழை நின்றால் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் யாரோ பேசினார்கள். எனக்குப் பக்கெட் சத்தம்தான் கேட்டது.

ஒன்பதரை மணிக்கு பியூலா சேலையை முழங்கால் வரை தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தாள். எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. மாரி வீட்டுப் படிக்கு முன்னால் நின்று, "என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். அதில் கோபம் இல்லை. நான் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்திருக்கிறாள்.

இரண்டு படி இறங்கினேன். வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வெறும் மழைத்தண்ணீர் இல்லை, மஞ்சளும் சிவப்புமாகக் குழம்பு போன்ற சேறு. வெளியே குவித்திருந்த என் ஒரு லோடு மண் கரைந்து மொத்தமும் உள்ளே வந்திருந்தது. கட்டிலைச் செங்கல் வைத்துத் தூக்கியிருந்தார்கள். அதன் மேல் அரிசி டிரம்மும் துணி மூட்டையும் தையல் மிஷினும் இருந்தன. மாரி மொண்டு கொடுக்க, கனகவல்லி வாசல் வழியாக வீசி ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிய தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பிப் படி வழியாகவே உள்ளே வந்தது. எங்கள் சுவர் வழவழவென்று பூசிய சுவர், ஒரு துளை இல்லாமல் நின்றது.

என்னைப் பார்த்ததும் கனகவல்லி பக்கெட்டை வைத்துவிட்டு அலமாரியின் மேல் தட்டைக் காட்டினார். சாமி படத்துக்குப் பக்கத்தில் அவருடைய மீன் விற்கும் அலுமினியத் தட்டு இருந்தது. அதில் ஏழெட்டு மஞ்சள் கற்கள். சேறு போகக் கழுவி, இலைப் பக்கம் மேலே தெரியும்படி வரிசையாக வைத்திருந்தார்.

"ஒங்க இல எல்லாம் உள்ள வந்துகினு கீது சார். மிதிச்சா ஒடஞ்சிடப்போவுதுன்னு எடுத்து வெச்சேன். ஒன்னு மட்டும் போச்சு, இவரு மிதிச்சிட்டாரு."

நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். தன் வீடு மூழ்கும்போது ஒருவர் குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டு, இது பக்கத்து வீட்டுக்காரருடைய பிரியமான பொருள் என்று எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார். அதுவும் தன் சாமிக்குப் பக்கத்தில்.

பியூலா ஒரு பாத்திரத்தை எடுத்து மொள்ள ஆரம்பித்தாள். மொண்டுகொண்டே கேட்டாள்.

"ஏன் அக்கா, அன்னைக்குப் பைப் வேண்டாம்னு ஏன் சொன்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவர் போட்டிருப்பாரே."

மாரி நிமிர்ந்தார். பக்கெட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டார். அது மிதந்துகொண்டு போனது. கனகவல்லி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, மூச்சு ஒன்று விடும் நேரம். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுவது எதுவும் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அப்ப தோணல சிஸ்டர். இன்னா பண்றது, வுடுங்க" என்றார். பிறகு மாரியைப் பார்த்து, "நீ மொண்டு குடு, நிக்காத" என்றார்.

கனகவல்லி தட்டைக் கையில் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அதைப் பத்திரமாக வைத்துவிட்டு வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் படியேறி வெளியே வந்து, என் வீட்டுப் படிகளிலும் ஏறினேன். காய்ந்த தரை. வெள்ளை டைல்ஸ். கூடத்து மேசையில் தட்டை வைத்தேன். ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினேன், வார்த்தை வரவில்லை. எனக்காக ஒரு பெண் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, என் மனைவி முன்னால் நான் சின்னவனாகிவிடக் கூடாது என்று பொய் சொல்லியிருக்கிறாள். நான் அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு, கற்களையும் வாங்கிக்கொண்டு, மேட்டுக்கு வந்துவிட்டேன். இதற்கு மேல் ஆண்டவரிடம் எதைச் சொல்வது? அவர் கேட்கப்போவது என்னவென்று எனக்கே தெரிந்திருந்தது. 

கீழே இறங்கினேன். அந்த ஆறு படியும் அவர்களுடைய இரண்டு படியும், என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக எந்த வழியும் இருந்ததில்லை.

"பியூலா, அவங்க வேண்டாம்னு சொல்லல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை போலிருந்தது. மறுபடி சொன்னேன். "அவங்க கேட்டாங்க. நான் போடறேன்னு வாக்குக் குடுத்தேன். கார் நிக்க இடம் வேணும்னு போடல. மேஸ்திரிகிட்டயும் உன்கிட்டயும் பொய் சொன்னேன்."

பியூலா மொள்வதை நிறுத்தினாள்.

"என்கிட்டயுமா?" என்றாள். அவ்வளவுதான். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. பாத்திரத்தை மறுபடி தண்ணீரில் விட்டாள். ஆனால் அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாரிதான் பேசினார். "எங்களுக்கு அப்பவே தெரியும் சார். சொவரு எழுப்பின அன்னிக்கே கதிரேசன் வந்து, நீங்கதான் பைப்பு வேணான்னு சொன்னீங்களாமேன்னு எங்கள கேட்டாரு."

ஜூலையிலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் ஆகஸ்டில் வஞ்சிரம் கொண்டுவந்தார்கள். தெரிந்துகொண்டுதான் மாரி வெள்ளைச் சட்டை போட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெரிந்துகொண்டுதான், பைப்பு என்று அந்த ஒரே வார்த்தையை என்னிடம் கேட்டிருக்கிறார் கனகவல்லி. நான் திருத்திக்கொள்ள ஒரு இடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏன் அக்கா சண்டை போடல?" என்று கேட்டேன். அது ஒரு வெட்கங்கெட்ட கேள்வி.

கனகவல்லி நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் ஒதுக்கினார். கையெல்லாம் மஞ்சள் சேறு.

"போடலாம்னுதான் வந்தேன் சார். சிஸ்டர் ஜன்னலுக்குத் துணி தெச்சுகினு இருந்தாங்க. அவ்ளோ சந்தோசமா கீறாங்க, புது வூடு. வாயி வரல. சரி, மழ வந்தா அவரே பாப்பாரு, பாத்தா செய்வாருன்னு வுட்டுட்டேன்."

மழை வந்தது. நான் பார்க்கவில்லை, ரேடியோ வைத்தேன். அதை மட்டும் அங்கே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பியூலாவிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

தெருமுனை பிளம்பரிடம் மோட்டார் வாங்கி வந்து, எங்கள் வீட்டிலிருந்து கரண்ட் இழுத்து, ஹோஸை எங்கள் போர்ட்டிகோ மேலேயே போட்டுக் கால்வாயில் விட்டோம். மாலை நாலு மணிக்கு அவர்கள் தரை தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் அன்றும் அடுத்த மூன்று நாளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். கனகவல்லி எங்கள் கூடத்தில் கால் வைக்கும்போது, காலில் சேறு இருக்கிறது என்று தயங்கி நின்றார். டைல்ஸில் நான்கு நாள் அந்த மஞ்சள் கால்தடங்கள் இருந்தன. பியூலா துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை.

மழை விட்டதும் கதிரேசனைக் கூப்பிட்டேன். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். தெரியும் சார் என்று அவரும் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நான்தான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். போர்ட்டிகோவின் டைல்ஸை மிஷின் வைத்து அறுத்து, சுவர் ஓரமாக இரண்டடி அகலத்துக்கு, அவர்கள் வாசல் மட்டம் வரைக்கும் வெட்டி இறக்கினார். மாரி இரண்டு நாள் சவாரிக்குப் போகாமல் கூட நின்றார். நானும் மண்வெட்டி பிடித்தேன். என் ஏற்றிய மண்ணை நானே வெட்டி எடுத்ததில் இன்னும் சில இலைகள் வந்தன. ஒன்றில் பெரணி, சுருள் அவிழாத இளம் பெரணி. மாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுவும் மழைலதான் அடிச்சிக்கினு வந்துச்சா சார்?" என்று கேட்டார். ஆமாம், மேட்டிலிருந்து மண் கரைந்து வந்து இதன் மேல் மூடிவிட்டது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முகம் சுட்டது. சனிக்கிழமை முழுவதும் சொம்பு சொம்பாக ஊற்றிக் காட்டிய பாடம் அது.

பிறகு வாங்கிய கார் இப்போது தெருவில்தான் நிற்கிறது. ஏற்றுவதையும் ஏற்றிவிட்டு, அதைத் தானே வெட்டிக்கொண்ட வாத்தியார் என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கண்காட்சியில் வைத்த அட்டையைக் கிழித்துவிட்டு, 'கண்டெடுத்தவர்: கனகவல்லி, மாடம்பாக்கம்' என்று எழுதிப் பள்ளியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். அவரிடம் சொன்னபோது, பேருக்குப் பக்கத்தில் மீன் விற்கிறவள் என்றும் போடச் சொன்னார், யாராவது பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள் என்றார். போட்டேன்.

டிசம்பரில் இன்னொரு மழை வந்தது. காலையில் போர்ட்டிகோ ஓரத்தில் நின்றேன். வெட்டி விட்ட பள்ளத்தில் தண்ணீர் கலங்கலாக, அவசரமில்லாமல் கால்வாயைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கெட் சத்தம் இல்லை. கனகவல்லி கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"போவுது சார்" என்றார்.

"போகுது அக்கா" என்றேன். அவர் முகத்தை நேராகப் பார்க்க அன்றும் என்னால் முடியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் பியூலாவும் நானும் அவர்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனோம். உள் சுவரில் நாலு பக்கமும், முழங்காலுக்கு மேலே, மஞ்சளாக ஒரு கோடு ஓடியது. என் மண் வந்து நின்ற மட்டம். இரண்டு தடவை அடித்தும் கீழிருந்து மெல்லத் தெரிந்தது. மூன்றாவது தடவைக்கு நான் பிரஷ்ஷை நனைத்தபோது கனகவல்லி தடுத்தார். இருக்கட்டும் சார், எங்களுக்கு ஒன்றும் உறுத்தவில்லை என்றார்.

"எனக்கு உறுத்துது அக்கா" என்றேன்.

அவர் நகர்ந்து வழி விட்டார். கட்டிலுக்குப் பின்னால் எனக்குக் கை எட்டாத மூலையை, இன்னொரு பிரஷ்ஷை எடுத்து, அவரே அடித்தார்.